ஓரம் மடிக்காத நான்கு துண்டுகள்

என் தங்கைக்குச் சின்ன வயதில் நாங்கள் வைத்த பெயர் கொக்கு. கால் நீளம், யோசிக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பாள். பிறகு பறவைகள் சரணாலயத்திலேயே அவளுக்குக் காவலர் வேலை கிடைத்தபோது, சொந்தக்காரர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அம்மா சிரித்தாள்.

முப்பத்தொரு வருடம் அந்தச் சதுப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். பத்தாவதுதான் படிப்பு. ஆனால் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் அவளைக் கேட்டுத்தான் படகில் ஏறுவார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை காய்ந்த நாணலை அறுப்பார்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அதைச் சுற்றி நாலு பக்கமும் சிவப்புத் துணி கட்டி வைப்பாள். துணி என் தையல் கடையிலிருந்து போகும். சாண் நீளம், இரண்டு விரல் அகலம், ஓரம் மடித்துத் தைத்து அனுப்புவேன். நாணலில் கட்டுவதற்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேலி செய்வாள். பிசிறு தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு வருடம் நானாக ஒரு யோசனை செய்தேன். சிவப்பைக் கண்டு பறவை மிரளுமே என்று, காய்ந்த நாணலின் நிறத்திலேயே துணி தேடி அனுப்பினேன். கட்டும்போது பக்கத்தில் நன்றாகத்தான் தெரிந்ததாம். அண்ணன் கணக்குத் தப்பாது என்று விட்டுவிட்டாள்.

அறுப்பு நாளன்று முதல் முறையாக அங்கே போனேன். பதினோரு வருடம் கழித்து ஒரு செந்நாரை கூடு கட்டியிருந்தது. அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருந்தாள். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தாள், மெதுவாக இறக்கினாள்.

"அண்ணா, துணியே தெரியல."

அறுப்பு ஆட்கள் உள்ளே இறங்கி அரை மணி ஆகியிருந்தது. அவள் கூப்பிட்ட குரல் நாணல் இரைச்சலில் கரைந்து போனது. படகில் ஏறினோம். தண்ணீரில் சாய்ந்து நின்ற ஒரு கம்பத்திலிருந்து கழியால் முப்பத்தாறு தள்ளு, அதுதான் கூட்டுக்கு அவள் வைத்திருந்த அளவு. வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழியை ஊன்றினாள். முப்பத்தாறில், எங்களுக்கு முன்னால் ஒரு நீளக் கழுத்து அசையாமல் நின்றது. அதற்கு இருபது அடியில் அரிவாள்கள்.

அவள் கை காட்டி நிறுத்தினாள். திரும்ப அடையாளம் வைக்க வேண்டுமே. பயணத்துக்கென்று தைத்த என் வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தேன். பிரியவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தேன்.

"யார் தச்சதுங்க இது? மாடு கட்டி இழுத்தாலும் வராது போலிருக்கே" என்றார் அறுப்புக்காரர்களின் தலைவர்.

"எங்கண்ணன்தான்" என்றாள் தங்கை. அந்த நேரத்திலும் அவள் குரலில் ஒரு பெருமை.

அவர் அரிவாளால் அறுத்துக் கொடுத்தார். பிசிறும் நூலுமாக நாலு துண்டு, அப்படியே கட்டினோம். ஒற்றைக் கைச் சட்டையோடு ஊர் திரும்பினேன். ஐந்து வாரம் கழித்துப் போன் வந்தது: மூன்று குஞ்சு.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். சாமான்களை ஒழுங்கு செய்யப் போயிருந்தேன். மேசை இழுப்பறையில் அந்த நாலு வெள்ளைத் துண்டுகளும் இருந்தன. சும்மா இல்லை, அவள் கையாலேயே ஓரம் மடித்துத் தைத்திருந்தாள். தையல் ஒரே கோணல். எடுத்துப் பார்த்தேன். ஒரு நூலைக்கூட நான் பிரிக்கவில்லை.