நாய்க்குப் பேசியது

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். டாக்டர்கள் முதல் துப்புரவு ஆட்கள் வரை எல்லோருக்கும் ‘போன் அக்கா’. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது, ஜன்னல் இல்லை. காதில் மாட்டும் கருவி அழுத்தி அழுத்தி, இடது காதுக்கு மேலே விரல் அகலத்துக்கு முடி கொட்டிப் போயிருந்தது. எடுத்த எடுப்பில் அழுகிறவர்களிடம் வார்டு எண்ணைக் கேட்டு வாங்குவது லேசான காரியம் அல்ல. அதட்டவும் கூடாது, கூடச் சேர்ந்து உருகவும் கூடாது. அவளுக்கு அது கைவந்த வேலை.

புருஷன், மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷமே வேறொரு குடும்பம் தேடிப் போய்விட்டான். அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மகனை ஒண்டியாக வளர்த்தாள். அவன் படித்தான், வேறு நகரத்துக்குப் போனான், தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுடைய பிறந்தநாளுக்கு மறக்காமல் போன் செய்வான். மற்ற நாட்களில் மறந்துவிடுவான்.

அவள் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, பிறந்தநாள் இல்லாத ஒரு நாளில் போன் வந்தது.

“அம்மா, பேசாம இங்கயே வந்துடு. எதுக்குத் தனியாக் கிடந்து அல்லாடற?”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்தாள். கட்டிலைப் பக்கத்து வீட்டுக்கும் அலமாரியைக் காவலாளிக்கும் கொடுத்தாள். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் “பையன் கூப்பிட்டுட்டான்” என்றாள்.

மகனுடைய வீடு ஆறாவது மாடியில். அங்கே ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், தரையைக் கூட்டுகிற மாதிரி காதுகள். மருமகள் அதற்கு வைத்திருந்த பெயர் அவள் வாயில் நுழையவில்லை. தண்ணீரை மாற்றி வைத்தால்தான் குடிப்பேன் என்று நிற்பதைப் பார்த்து அவளே ‘துரை’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். மருமகளும் சிரித்துக்கொண்டே அப்படியே கூப்பிடலானாள்.

போன முதல் நாள் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் இல்லை. புல்வெளி, மெல்லிய பியானோ, பெயர் தெரியாத பறவைகள். அவள் எழுந்து அணைக்கப் போனாள்.

“அத்தை, அணைச்சுடாதீங்க. அது நாய்க்காகப் போட்டது” என்றாள் மருமகள்.

நாய் தனியாக இருந்தால் பயப்படுமாம். அதற்கென்றே ஒரு சேனல். ஒரு வாரம் அவளும் நாயும் சேர்ந்து புல்வெளி பார்த்தார்கள். எட்டாம் நாள் காலை, மகன் ஆபீஸ் கிளம்பும்போது டிவியை அணைத்தான்.

“இனிமே இது எதுக்கும்மா? அதான் நீ இருக்கியே.”

அதை அவள் பாசமாக எடுத்துக்கொண்டாள். பகலெல்லாம் நாய்க்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினாள். அது அவள் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டு கேட்கும். ஒரு நாள் நூலகம் இருக்கிறதா பார்க்கலாம் என்று இறங்கிப் போனாள். தெருமுனை தாண்டுவதற்குள் மகன் போனில் வந்தான். ஹாலில் கேமரா வைத்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

“எங்கம்மா போன? அது கதவுகிட்டயே நிக்குது. ஞாயித்துக்கிழமை நாங்க இருக்கறப்ப போகக் கூடாதா?”

திரும்பி வந்தாள். கோபம்கூட வரவில்லை. நாய் அவளைக் கண்டதும் பின்பாகம் முழுக்க ஆட ஓடி வந்தது.

நாலாவது மாதத்தில், லிஃப்டில், கீழ் வீட்டுக்காரரைச் சந்தித்தாள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“நீங்கதான் அந்த நாய்க்காக வந்தவங்களா? ரொம்ப நன்றிங்க. அப்பப்பா, என்ன ஊளை! டிவி போட்டாங்க, ரேடியோ போட்டாங்க, ஒண்ணும் எடுபடல. குடியிருப்போர் சங்கத்துலேர்ந்து மூணு கடிதம் கொடுத்தோம். கடைசியில அவர்தான் சொன்னாரு, ‘ஊர்லேர்ந்து ஒரு ஆள் வருது, இனிமே சத்தம் இருக்காது’ன்னு.”

“ஆள் இல்லைங்க. நான் அவனோட அம்மா.”

அந்த மனிதர் ஒளிர்ந்து மாறும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் மகன் ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“என்னை எதுக்குடா வரச் சொன்ன?”

“என்ன கேள்விம்மா இது?”

“நாய்க்குத் துணையாவா?”

அவன் முதலில் மழுப்பினான். கீழ் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொன்னதும் முகம் இறுகியது. “சரி, அப்படித்தான்னு வெச்சுக்க. அங்க சும்மாதானே இருந்த? இதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“வாயில்லா ஜீவனை நாள் முழுக்க வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டறதே பாவம். அதுக்கு முதல்ல டிவி, அப்புறம் பெத்தவளா?”

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

“யாரு பேசறது பாரு! ஏழு வயசுல, பள்ளிக்கூடம் லீவு விட்டா, என்னை உள்ள வெச்சு, வெளியில பூட்டு போட்டு, ரேடியோவைத் திருகி விட்டுட்டுப் போனது யாரு? நீ மறந்திருப்ப. நான் மறக்கல. அந்த ரேடியோவுல எவன் எது கேட்டாலும் நான் பதில் சொல்லிட்டு உக்காந்திருப்பேன்.”

மருமகள் சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். நாய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. அவன் சொன்னது உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அடுத்த வாரம் கிளம்பிவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பழைய வீட்டில் வேறு யாரோ குடியேறியிருந்தார்கள். பழகிய டாக்டர் ஒருவர் தன் கண் சிகிச்சை நிலையத்தில் போன் எடுத்துப் பேசும் வேலை கொடுத்து, பின்புறம் இருந்த ஒற்றை அறையையும் கொடுத்தார்.

நாற்பது நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மகன் வந்து நின்றான். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவள் மனம் இளகிவிட்டது. டீக்குத் தண்ணீர் வைத்தாள். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“அது சாப்பிடறதே இல்லம்மா. பகல் பூரா கதவைப் பிறாண்டுது. டிவி போட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. உன் குரல்தான் வேணும் அதுக்கு. ஒரு மணி நேரம் இதுல பேசி ரெக்கார்டு பண்ணிக் குடு. எது வேணா பேசு, பேப்பர் படிச்சாலும் சரி.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“நீ வெளியில போய் நில்லு. ஆள் இருந்தா எனக்குப் பேச வராது.”

முதலில் நாயோடுதான் பேசினாள். துரை, சாப்பிட்டியா, தண்ணி மாத்தி வெச்சாங்களா என்று. பிறகு செய்தித்தாளை எடுத்தாள். எழுத்து மங்கியது. கீழே வைத்துவிட்டு, அதே பதிவில் மகனிடம் பேச ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில் அவளுக்குப் பகல் வேலை எட்டு மணி நேரம். பிள்ளையை விட்டுப் போக ஒரு நாதி இல்லை. கதவு திறந்திருந்தால் அவன் தெருவில் இறங்கிவிடுவான். தெருவில் லாரிகள் போகும். ரேடியோ ஓடினால் வீட்டில் பெரியவர்கள் இருப்பதாக வெளியே நினைப்பார்கள். இதெல்லாம் அவனுக்கும் தெரிந்திருக்கும். தெரியாதது ஒன்று இருந்தது. எதிர்ச் சாரியில் ஒரு சைக்கிள் கடை. அங்கே ஒரு போன் இருந்தது. மணிக்கு ஒரு தடவை, விதிக்கு விரோதமாக, ஆஸ்பத்திரி போனிலிருந்து கடைக்காரரைக் கூப்பிடுவாள்.

“அண்ணே, ரேடியோ சத்தம் கேக்குதா?”

“கேக்குதும்மா. கூடவே உன் பையனும் பேசறான்.”

அது கேட்டால் அடுத்த ஒரு மணி நேரம் மூச்சு வரும். ஒரு நாள் அவர், “சத்தமே இல்லையேம்மா” என்றார். அப்படியே கருவியைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். ஆறு லைன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. வீட்டில் பையன் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பவில்லை. மறுபடி பூட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். ஒரு மாதம் பணியிடை நீக்கம் செய்தார்கள். மேற்பார்வையாளர் பதவி அதற்கப்புறம் அவள் பக்கமே வரவில்லை.

“அந்த ஒரு மாசம் நான் வீட்லயே இருந்தேன். அம்மாவுக்கு லீவுன்னு நீ குதிச்ச. நான் சொல்லிக்கல. பூட்டினது தப்புதான்டா. தப்பில்லன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா போட்டுட்டு மறந்துட்டுப் போகல.”

பிறகு கொஞ்சம் இருமினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, துரை, தூங்கு என்றாள். போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் நேரத்தை மட்டும் பார்த்தான்.

“ஐம்பது நிமிஷம் இருக்கு. போதும்மா.”

ஒரு வாரத்தில் அவனிடமிருந்து செய்தி வந்தது: ‘சூப்பர்மா. போட்டதும் படுத்துடுது.’ அதைப் படித்ததுமே அவன் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் காத்திருந்தாள். இரண்டு மாதம் போயிற்று.

மருமகள்தான் கூப்பிட்டாள்.

“அத்தை, ரெண்டு நாளா எனக்குக் காய்ச்சல், வீட்லதான் இருக்கேன். துரைக்குப் போடறதை நானும் கேட்டேன். முழுசாக் கேட்டேன்.”

“அவன்கிட்ட சொன்னியா?”

“நேத்தே சொன்னேன். ஒரு தடவை கேளுங்கன்னு கெஞ்சினேன். ‘நாய்க்குப் பேசினதை நான் எதுக்குக் கேக்கணும்’னுட்டார்.”

“சரி விடும்மா. மாத்திரை போட்டியா?”

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. இவள் அழவில்லை. அழுகிறவர்களைப் பேச வைத்துப் பழகியவள். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டு, கஞ்சி குடிக்கச் சொல்லிவிட்டு வைத்தாள்.

இன்னும் கொஞ்ச காலம் கழித்து மகன் கூப்பிட்டான்.

“அம்மா, அதுக்கு அந்தப் பேச்சு பழகிப் போச்சு. நீ எங்க இருமுவேன்னுகூடத் தெரிஞ்சு வெச்சிருக்கு, அதுக்கு முன்னாடியே எழுந்துடுது. புதுசா ஒண்ணு பேசி அனுப்பு.”

“பழசுல என்ன பேசியிருக்கேன்னு கேட்டியாடா?”



“சைக்கிள் கடைக்காரர் வர்ற வரைக்கும் கேட்டேன். அப்புறம் நிறுத்திட்டேன்.”

“ஏன்?”

“எனக்கு இப்ப அதெல்லாம் வேண்டாம்மா. நீ பேப்பரையே படி.”

“முடியாது.”

“என்ன முடியாது?”

“எனக்குப் பேச இருந்தது அவ்வளவுதான். பேசியாச்சு.”

“ஒரு நாய்க்கு இரக்கப்பட மாட்டியா நீ?” என்று கத்திவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் பழையபடி பிறந்தநாளுக்கு மட்டும் கூப்பிடுகிறான். உடம்பு எப்படி இருக்கு, நல்லா இருக்கேன், சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

நாயைப் பற்றி மருமகள்தான் எப்போதாவது சொல்வாள். பகலில் துணைக்கு ஒரு கல்லூரி மாணவியை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். அந்தப் பெண் வந்ததும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிடுகிறாள், நாயோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதலில் இரண்டு நாள் கதவுகிட்டே போய் நின்றதாம். இப்போது அதற்கும் பழகிவிட்டது என்றாள்.