முதுகில் விழுந்த வெங்காயம்

கண்ணை முழுதாக மூடும் விஆர் விளையாட்டுக் கருவி வாங்கியபோது, அதற்கு ஹெட்போனா, அறையைச் சுற்றி வைக்கும் ஸ்பீக்கரா என்று எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். அவள் அப்போது நிறைமாதம்.

“ஸ்பீக்கரே போதும்லா. நான் கூப்பிட்டா உங்க காதுல விழணும்,” என்றாள்.

நான் கேட்கவில்லை. வெளிச்சத்தமே நுழையாத ஹெட்போனை வாங்கினேன்.

ஒரு ஞாயிறு மதியம், கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில், பறக்கும் அம்புகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தேன். முதுகில் ஏதோ பட்டது. அடடா, என்ன தத்ரூபம் என்று வியந்தேன். மறுபடியும் பட்டதும், எதிரி பின்னால் இருக்கிறான் என்று நாலடி தள்ளிப் போய்ப் பதுங்கினேன். அடுத்தது மண்டையில் விழுந்து ஹெட்போன் நழுவியது.

கருவியைக் கழற்றினால், சோபாவில் மனைவி. மடியில் வெங்காயக் கூடை.

“பனிக்குடம் உடைஞ்சிருச்சுங்க! எவ்ளோ நேரமா கத்துறேன், நீங்க ஓடி ஒளியுறீங்க!”

அவளைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தேன். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் வழியிலேயே பிறந்திருக்கும் என்று தாதி திட்டினார்.

இப்போது ஸ்பீக்கர் போட்டால் மகள் விழித்துவிடுகிறாள். அதனால் ஹெட்போன்தான், ஆனால் ஒரு காதில் மட்டும். மறு காது வீட்டுக்கு. இருந்தும் நான் கருவியை மாட்டியதும், மனைவி சமையலறைக்குப் போய் இரண்டு வெங்காயம் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள்.