மூச்சுக்குப் பிறகு பாங்கு

இதை எழுதப் பல வருடங்களாக எனக்குக் கை வரவில்லை. சொந்தக்காரர்கள் இந்தச் சம்பவத்தை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் மார்க்கத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைப்பார்களோ என்று பயம்.

விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மனைவிக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதி தாண்டியும் வலி வரவில்லை. தானாக வரட்டும் என்று வீட்டிலேயே இருந்தோம். ஒரு மத்தியானம் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்றாள் மனைவி. கசாயம் குடித்ததால் இருக்கும், வலி எடுத்ததும் போகலாம் என்றார் கூட இருந்த மாமி. அவள் கேட்கவில்லை.

"எனக்கு மனசு சரியில்ல. ஆட்டோவக் கூப்பிடுங்க."

அந்தப் பிடிவாதத்துக்காக இன்றும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

பிள்ளை பிறந்ததும் வலது காதில் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்வது எங்கள் வழக்கம். வேறு பேச்சு விழும் முன்னே அதுதான் விழ வேண்டும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் நான் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுப் பிரசவ அறை வாசலில் நின்றேன். அழுகைச் சத்தமே கேட்கவில்லை. கதவு திறந்து, துணியில் சுற்றிய பிள்ளையோடு நர்ஸம்மா ஓடிவந்தார். நகமெல்லாம் பச்சை பூத்து, உடம்பு துவண்டு கிடந்தது. ஒன்றும் புரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"பாய், வழிய விடுங்க. மொதல்ல பிள்ள மூச்சு விடட்டும். பெறகு பாங்கு சொல்லலாம்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாயைத் துடைத்து, சின்ன முகமூடியை வைத்து, பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்தார்கள். என் உள்ளங்கை அளவு நெஞ்சு அது. அமுக்கும்போது ஏறியது, விட்டால் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு தடவை யாரும் அமுக்காமல் தானாக ஏறியது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாள் தள்ளிப்போனாலோ, உள்ளே காற்றுக் குறைந்தாலோ சில பிள்ளைகள் வயிற்றிலேயே மலம் போய்விடுமாம். அதைப் பனிநீரோடு உள்ளே இழுத்துக்கொண்டால், லேபிள் ஒட்டுகிற பசை மாதிரி நுரையீரலில் அப்பிக்கொள்ளுமாம். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம், மூளைக்குப் பாதிப்பு வராமல் இருக்க வேண்டும், பார்க்கலாம் என்றார்.

சில நாள் போனதும் அதே நர்ஸம்மா உள்ளே கூப்பிட்டார். குழாய் எல்லாம் எடுத்திருந்தார்கள். மகளின் காதருகே குனிந்தேன்.

"இப்ப நீங்கதான் மூச்சு விடாம நிக்கீக பாய். விட்டுட்டு மெல்லச் சொல்லுங்க. பக்கத்துப் பிள்ளைக தூங்குது."

சொன்னேன். மகள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

பாங்கு சொன்னதும் உயிர் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. அல்லாஹ் அந்த மூச்சை டாக்டர், நர்ஸம்மா கை வழியாக முன்பே கொடுத்துவிட்டான். எனக்கு அதுவே பெரிய அதிசயம். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தூங்கும்போது அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைத் தினமும் நின்று பார்க்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பனிநீர் பச்சையாக இருந்தால் வலிக்குக் காத்திருக்காமல் கிளம்பச் சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். முதலில் மூச்சு, பிறகு பாங்கு. அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.