ஊர்ஜிதம்

நூலகருக்கு இது மூன்றாவது போன். "சார், ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு மூடுவீங்கன்னு போட்டிருக்கோம். ஏழுதானே?" ஏழுதான் என்கிறார் அவர். "நீங்களே மூடுவீங்களா, வேற யாராவது மூடுவாங்களா?" எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. அவள் பென்சிலை எடுத்து ஏழு என்ற எண்ணின் தலையில் குட்டியாக ஒரு புள்ளி வைக்கிறாள். அப்படியும் மனசு ஆறாமல் மாடியேறிப் போய், நூலகக் கதவில் தொங்கும் அட்டையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாள்.

கல்லூரி மாணவர் இதழில் அவளுக்கு ஊர்ஜிதம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. இதழின் அறை நூலகப் படிக்கட்டுக்கு அடியில். சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். இரண்டு கணினி, ஒரு கால் குட்டையான மேசை, சுவரெல்லாம் பழைய இதழ்கள். யாராவது மூச்சு வாங்க ஒரு செய்தியோடு ஓடி வந்தால், நிமிராமலே கேட்பாள்: "யாரு சொன்னா? நீ பாத்தியா? ஊர்ஜிதம் ஆச்சா?" பாதி வதந்திகள் இந்தக் கேள்விகளுக்குப் பயந்து வாசலோடு திரும்பிவிடும். அவள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தவர்களிடமே, "இன்னிக்குத்தான்னு யாரு சொன்னா?" என்று கேட்டவள்.

அவள் இங்கே வந்த கதையும் அப்படித்தான். முதலாண்டில், பேச்சுப் போட்டியில் அவள் இரண்டாம் பரிசு பெற்றதாக இதழில் செய்தி வந்தது. வகுப்பே கைதட்டியது. அவளோ இதழைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்றாள். "இந்தப் பரிசு நான் வாங்கல. பேர் கொடுத்தேன், பேசவே இல்ல." இதழை நடத்திய இரண்டாமாண்டு அக்கா, "அடுத்த மாசம் திருத்தம் போட்டுடறோம்மா" என்றாள். "திருத்தம் கிடக்கட்டும்க்கா. உங்களுக்கு யாரு சொன்னா?" அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த காகிதங்களை எடுத்துக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. எழுத்துப்பிழை பார்ப்பதும் தகவல் சரிபார்ப்பதும் வேலை.

பிழை பார்க்க அவளுக்கு ஒரு வழி உண்டு. பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப் போய், கூடத்தில் நடந்துகொண்டே உரக்கப் படிப்பாள். "கண்ணு இருக்கே, அது தப்பைத் தானா சரி பண்ணிப் படிச்சுடும். காதுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது." அவள் அப்பா அதே கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அலுவலக விஷயத்தை அவர் வீட்டில் பேசமாட்டார், இவளும் கேட்கமாட்டாள். அது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

போன பருவத்தில் மகளிர் விடுதியின் மூன்றாம் மாடியில், இஸ்திரி போடும் அறையில் புகை கிளம்பியது. பெண்கள் பின்படிக்கட்டுக்கு ஓடினால் அங்கே கதவில் பூட்டு. நாற்பது பேரும் முன்படிக்கட்டில் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம். அந்தப் பூட்டு வருடக்கணக்காகத் தொங்குகிறது என்று விடுதி மாணவி ஒருத்தி சொல்லச் சொல்ல ஊர்ஜிதம் நோட்டில் எழுதிக்கொண்டாள். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்பது அந்த மாணவியின் நிபந்தனை. அந்தக் குறிப்பை வைத்துச் செய்தியை எழுதியவன் நெட்டையன் என்று அழைக்கப்படும் மூன்றாமாண்டு மாணவன். 'பின்படிக்கட்டுக்கு நேர் எதிர் அறையில் வசிக்கும் மாணவி' என்று எழுதியிருந்தான். மறுநாள் ஊர்ஜிதம் அந்த வரியை அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணா, எதிர்ல ஒரே ஒரு ரூம்தான் இருக்கு. அதுல ஒரே ஒரு பொண்ணுதான் இருக்கா. இதுக்குப் பேரையே போட்டுடலாம்."

இதழ் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது பூட்டு காணாமல் போனது. கதவுக்குப் புதுப் பெயிண்ட். 'இக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும்' என்று ஒரு அறிவிப்பு. அதுகூடப் பரவாயில்லை. வார்டன் அந்த விடுதிப் பெண்ணைக் கூப்பிட்டு, "எதிர் ரூம்ல இருந்துக்கிட்டு வெளியில போய்ப் பேசினது நீதானே? அறையைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டார்.

அச்சாகாத செய்தி வெளியே போயிருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நெட்டையன்தான் போட்டு உடைத்தான். "இவ அப்பா எங்க வேலை பாக்குறாருன்னு எல்லாருக்கும் தெரியும்." ஊர்ஜிதத்தின் முகம் சிவந்தது. ஆனாலும், "சந்தேகப்படறது சரிதாண்ணா. ஆனா விசாரிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. பக்கம் அமைப்பவன் போனில் படமெடுத்து அனுப்பியிருப்பானோ, அக்காவே முதல்வருக்குக் காட்டியிருப்பாளோ என்ற யோசனையில், எந்தப் பிரதி யார் கையில் எப்போது இருந்தது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினாள். எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். 'எதிர் அறை' முதல் பிரதியில் மட்டும்தான் இருந்தது. நெட்டையன் கையிலிருந்து அது நேராக வந்தது அவள் கைக்கு. அன்று மாலை அது அவள் வீட்டில் இருந்தது.

அப்பா செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தார். "அப்பா, வார்டன்கிட்ட ஏதாவது பேசினீங்களா?"

"பேசினேனே. நீ படிச்சுட்டிருந்த, காதுல விழுந்தது. நாளைக்கு நெஜமாவே தீப்பிடிச்சா அத்தனை பிள்ளைங்க கதி என்னம்மா? பூட்டை எடுத்துடுங்கன்னு சொன்னேன். எடுத்துட்டாங்கல்ல?"

"எதிர் ரூம்னும் சொன்னீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொன்னான்னு அந்தம்மா கேட்டாங்க. வாயில வந்துடுச்சு."

ஒரு நாளைக்குப் பத்து முறை அவள் வாயில் வருகிற கேள்வி. அதற்கு இப்படியும் ஒரு பதில் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மறுநாள் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "நான்தான். என் வாயிலிருந்துதான் போயிருக்கு." அக்கா, "செய்தி வரட்டும். நடந்ததையும் சேர்த்துப் போடுவோம். நீயே எழுது" என்றாள். எழுதினாள். அந்தப் பெண் எவரிடமும் புகார் கொடுக்கவில்லை, வீட்டில் மகள் படித்ததைக் கேட்டு வார்டனிடம் பேசியது தான்தான் என்று அப்பா முதல்வருக்குக் கடிதம் கொடுத்தார். மேலதிகாரியிடம் முதல்முறையாகத் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தவர், அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. விடுதிப் பெண்ணின் அறை தப்பியது. இதழின் பக்கங்கள் இப்போது படிக்கட்டுக்கு அடியை விட்டு வெளியே போவதில்லை. ஊர்ஜிதம் பக்கத்தில் வந்தால் நெட்டையன் இன்னும் கணினித் திரையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் இருக்கிறாள்.

இதழ் வெளிவந்த மறுநாள் அவள் விடுதிக்குப் போனாள். எதிர் அறைக் கதவு பாதிதான் திறந்தது. நடந்தது முழுவதையும் அந்தப் பெண் கதவைப் பிடித்தபடியே கேட்டாள். கோபப்பட்டிருந்தால்கூட இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டியே, அது எங்க?"

ஊர்ஜிதம் நோட்டை எடுத்து அந்தத் தாளைக் கிழித்து நீட்டினாள்.

"இது ஒண்ணுதானா? வேற எங்கயும் எழுதி வைக்கலயே?"

"இல்ல" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. உள்ளே வந்து, தோளிலிருந்த பையைக் கழற்றி, அதிலிருந்த அத்தனையையும் அந்தப் பெண்ணின் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.