அணைக்காத லேப்டாப்

செஞ்சி கடைவீதியில் கம்ப்யூட்டருக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: ஃபார்மட். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட் அடி. வைரஸா, ஃபார்மட் அடி. திரையில் வந்த வரி புரியவில்லையா, அதற்கும் ஃபார்மட். உள்ளே யாருடைய என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது கேட்பார்களா என்றால், ம்ஹூம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டா, சாதிச் சான்றிதழ் என்று ஆன்லைனில் விண்ணப்பித்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. பழைய மிஷின்களை வைத்துக் காலம் தள்ள வேண்டியிருந்ததால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸுக்கு மாறினேன். விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டேன். பஜாரில் யாருக்காவது விண்டோஸ் இல்லாத மிஷின் படுத்துக்கொண்டால், "அந்த அக்காகிட்ட போ" என்று கை காட்டிவிடுவார்கள்.

அப்படித்தான் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். சித்திரை மாதம், மலைப்பாறை முழுக்கக் காய்ந்து, ஊரே அடுப்படி மாதிரி இருந்தது. பனமலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, லினக்ஸ் போட்டது. மூடியில் சந்தனப் பொட்டு, குங்குமம், காய்ந்துபோன ஒரு கதம்பத் துணுக்கு.

"எங்க பொண்ணுதுக்கா. காய்ச்சல்னு படுத்தா, போயிட்டா," என்றார். "இதுல அவ பேசுற வீடியோ ஒண்ணு இருக்குது. அது மட்டும் வேணும். வேற ஒண்ணும் வாணாம்."

"போன்ல எதுவும் இல்லியாம்மா?"

"பேட்டர்ன் லாக்கு தெரியலன்னு கடையில குடுத்தோம். தெறந்து குடுத்தாங்க, உள்ள ஒண்ணுமில்ல. ஃபார்மட் அடிச்சிட்டாங்களாம். இதையும் அப்படியே சொன்னாங்க. புடுங்கிக்கினு வந்துட்டேன்."

படுபாவிகள்.

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் காற்று போகிற ஓட்டைகள் அத்தனையும் சந்தனத்தால் அடைத்துக் கிடந்தன. மேலே கற்பூரக் கரி வேறு. என் வாய் சும்மா இருக்காது.

"இன்னாம்மா இது? மிஷின் மூச்சு வுடுற எடம்மா இது! இதுலயா சந்தனத்த அப்புவீங்க?"

"ஆயுத பூஜைக்கு எல்லாரும் வெக்கிறாங்களேக்கா."

"வருஷத்துக்கு ஒரு நாள் வெப்பாங்க. அதுவும் மேல ஒரு பொட்டு."

"நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெச்சேன். சாமி மாடத்துலதான் இருந்துச்சு. வெளக்கேத்திட்டு அந்த வீடியோவ ஓட வுடுவேன்."

"மத்த நேரம் ஆஃப் பண்ணி வெச்சீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்படிக்கா அணைக்கிறது? பொண்ணு செத்த ஊடு. அதையும் அணைக்கச் சொல்றியா?"

நான் ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்து ஓட்டைகளைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

மிச்சத்தை அவர் வீட்டுக்காரர் சொன்னார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. இரவும் பகலும் கரண்டிலேயே ஓடியிருக்கிறது. கோடையில் கரண்டு போகும், வரும். ஒவ்வொரு தடவையும் இது பொட்டென்று விழுந்து மறுபடி எழுந்திருக்கிறது. ஒரு நாள் எழவில்லை. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் வரிகள் வந்து நின்றுவிட்டன. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற சொந்தக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் நாலு எழுத்தை அடிக்கச் சொல்லிவிட்டு, "கேக்குறதுக்கெல்லாம் ஒய் அமுக்குங்க" என்று வைத்துவிட்டாராம்.

"கேட்டுக்கினே இருந்துச்சு மேடம். நானும் ஆமா ஆமான்னு அமுக்கிக்கினே இருந்தேன்."

அந்த நாலெழுத்து எஃப்எஸ்சிகே. டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு குழம்பினால் சரிசெய்கிற கட்டளை. நல்ல டிஸ்க்கில் நல்ல கட்டளைதான். ஆனால் அது கேட்கிற கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. இந்தத் துண்டு யாருடையது என்று தெரியவில்லை, அழிக்கட்டுமா என்று கேட்கிறது. நாம் ஒய் என்றால் அழிக்கும். நான் ஆன் செய்தபோது டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம், எந்த ரிப்பேரும் செய்யக்கூடாது. முதலில் மொத்த டிஸ்க்கையும் வேறொன்றில் நகல் எடுக்க வேண்டும். பிறகு அந்த நகலில்தான் கை வைக்க வேண்டும். லினக்ஸ் வைத்திருக்கிற யாராக இருந்தாலும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். இந்த ஆட்டோக்கார மனுஷனிடம் யார் சொன்னார்கள்?

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். அந்த அம்மா பஸ்ஸுக்கு இறங்கி நடந்தார். வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்றார்.

"நான் அமுக்குனதாலயா மேடம் போச்சு?"

"டிஸ்க்கே சாவுற நெலமையிலதான் இருந்துச்சுங்க," என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பென்டிரைவில் இருந்த லினக்ஸைக் கொண்டு மிஷினைக் கிளப்பி, நகல் எடுக்க விட்டேன். ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. சூடு ஏறும்போதெல்லாம் நிறுத்தி ஆறவிட்டேன். பட்டாவுக்கு வந்தவர்களை நாளைக்கு வா என்று எரிந்து விழுந்தேன். எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்தேன். தொலைந்த துண்டுகளைக் கொண்டுபோய் லினக்ஸ் தனியாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவைக்கும். அங்கே எதற்கும் பெயர் இருக்காது, வெறும் எண்தான். ஒவ்வொன்றாகத் திறந்தேன். கல்லூரிப் பாடம், பாதி ஹால்டிக்கெட், யாரோ ஒரு நடிகரின் பாட்டு. அந்தப் பெண்ணின் வீடியோ இல்லை. வேறு இரண்டு மென்பொருள் போட்டும் தேடினேன். இல்லை. அது இருந்த இடத்தில்தான் டிஸ்க் செத்திருந்தது. அன்றைக்குக் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து அழுதேன். யாரென்றே தெரியாத பெண்ணுக்கு.

பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஃபோல்டரைத் திறக்கும்போது நமக்குக் காட்டுவதற்காக லினக்ஸ் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு குட்டிப் படம் எடுத்துத் தனியாக வேறிடத்தில் ஒளித்துவைக்கும். வீடியோ போனாலும் அது போகாது. தேடினேன். இருந்தது. தபால்தலை அளவு. ஒரு சமையல்கட்டு, கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு பெண் முகம், வாய் பாதி திறந்திருந்தது.

அவர்கள் வந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "வீடியோ போயிடுச்சும்மா. குரல் கெடைக்காது. இதான் இருக்குது." பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. அதனால் அதே அளவில் திரை நடுவில் வைத்துக் காட்டினேன்.

அந்த அம்மா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"இதான்க்கா. இந்த எடந்தான். யம்மா, உப்பு போட்டியா இல்லியான்னு கேப்பா." அழவில்லை. இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் மெல்லிசாக, இழுத்து: "யம்மா, உப்பு போட்டியா?" நிறுத்தினார். வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார்.

"இன்னா சொன்னான்னு மனப்பாடமா தெரியுதுக்கா. ஆனா நான் சொன்னா என் கொரலுதான் வருது."

பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உனக்கு வருதா, பாரு. அவ உன்னாட்டம்தான் பேசுவா."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என் கீபோர்டில் ஒய் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.