மாதா விளக்கும் என் கம்ப்யூட்டரும்

என் கம்ப்யூட்டரை நானே மாட்டினேன். ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வந்து, ராயபுரம் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லாமல் மாட்டினேன். அந்தத் திமிருக்குத்தானோ என்னவோ, அது சொல்லாமல் கொள்ளாமல் அணையத் தொடங்கியது. திரை இருண்டுவிடும். மூச்சு விடுவதற்குள் விசிறி உறுமி, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி எழுந்து நிற்கும்.

என் வேலை ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீடு போடுவது. வீட்டிலிருந்தே செய்ய ஆபீஸில் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். ஆபீஸ் ஊரின் தென்கோடியில். காலையில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்ப முடியும். அம்மாவுக்கு சர்க்கரை, தனியாக இருந்தபோது ஒருமுறை சமையலறையிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். வேலை இப்படிப் பாதியில் அறுந்துகொண்டே இருந்தால் நேரில் வந்துவிடுங்கள் என்று மேலாளர் இனிக்க இனிக்கச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

முதலில் தூசியைச் சந்தேகப்பட்டேன். துறைமுகத்துப் பக்கம் தூசிக்கா பஞ்சம். பெட்டியைத் திறந்து ஊதினால் மூக்கெல்லாம் கரி. ராம் மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். ப்ராசஸருக்குப் புதுப் பசை தடவினேன். சூடு ஏறவில்லை என்று திரை காட்டியது. நம்பாமல் கையை வைத்துப் பார்த்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினேன். கூட வேலை செய்யும் தோழி மதர்போர்டு போயிருக்கும் என்று போனில் சாபம் கொடுத்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

ஒன்றைத்தான் தொடவில்லை. சுவரோரம் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் என் கம்ப்யூட்டரோடு அம்மாவின் மாதா படத்துச் சிவப்பு பல்பும் சொருகியிருந்தது. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன அன்று அம்மா செய்த பொருத்தனை: அவன் வந்து இறங்கும்வரை அந்த விளக்கை நம் கையால் அணைக்கக் கூடாது. கரண்ட் போனால் அது கரண்டுக்காரன் பாவம், நம்முடையதல்ல. பெருக்கும்போது கை பட்டுவிடப் போகிறதென்று பிளக்கின்மேல் டேப் சுற்றி வைத்திருந்தாள். போதாததற்கு அந்த பாக்ஸ் அண்ணன் தன் கையால் வயர் போட்டது. இந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. அதைச் சந்தேகப்பட எனக்கே தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் அணையும்போதெல்லாம் அம்மா மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். என் வேலைக்காக வேண்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அத்தனை எரிச்சலிலும் அது ஒன்றுதான் ஆறுதல்.

அன்று மதியம் பாதி பில்லில் திரை போனது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பினேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டி, மாதா படத்தின் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை அதற்குள் நெற்றிக்குப் போயிருந்தது. நான் சத்தமே போடவில்லை, அவள் திரும்பவும் இல்லை. கம்ப்யூட்டர் போனது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கம்பூட்டரா? வெளக்குடி," என்றாள். "ரொம்ப நாளா அணைஞ்சி அணைஞ்சி எரியுது."

பாய்ந்து போய் பாக்ஸை லேசாக ஆட்டினேன். விளக்கும் திரையும் ஒன்றாக அணைந்து ஒன்றாக வந்தன. பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றேன். கூடாது என்றாள். இல்லாவிட்டால் நான் தினமும் ஆபீஸ் போக வேண்டியதுதான் என்றேன், அசையவில்லை. இப்படியே விட்டால் விளக்கு ஒருநாள் மொத்தமாகப் போய்விடும் என்றேன். உடனே எழுந்தாள். மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி மாதாவின் முன் வைத்துவிட்டு, டேப்பைத் தானே பிரித்தாள்.

பாக்ஸைச் சுவரிலிருந்து பிடுங்கித் திறந்தேன். உள்ளே ஒரு வயர் ஸ்க்ரூவில் இறுகாமல், நுனி கருகி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் கைவேலை. சொல்லிக் காட்ட நாக்கு துறுதுறுத்தது; அடக்கிக்கொண்டேன். நுனியை வெட்டிச் சீவி, ஸ்க்ரூவில் மாட்டி இறுக முறுக்கினேன். எல்லாவற்றையும் சொருகி, பாக்ஸைக் காலால் தட்டினேன். எதுவும் சிமிட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவ்ளோதாம்மா. வயர் லூசு. வேற ஒன்னும் இல்ல."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அவனுக்கு ஒன்னும் ஆவலியா?"

கப்பல் கரை தொட்டால்தான் அண்ணனால் பேச முடியும். போன் வந்து நாளாகியிருந்தது. விளக்கு சிமிட்டும்போதெல்லாம் நடுக்கடலில் அவனுக்கு ஏதோ ஆகிறது என்று நினைத்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாகச் செத்துப் பிழைத்திருக்கிறாள். அந்தச் சிலுவைகளில் ஒன்றுகூட எனக்கில்லை. கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. 

"நல்லாத்தான் கீறான்மா," என்றேன். எனக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்? வயரைப் பற்றித்தான் தெரியும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தபா சொல்லு," என்றாள்.

சொன்னேன்.