முழங்காலுக்கு இடம்

வலது காலோடு ஒரு பலகைத் துண்டை வைத்து வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால் மடக்காமல் முற்றத்தில் விந்தி விந்தி நடக்கிறார் சிங்கராசா. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாஹிம், "என்ன அண்ணை, காலுக்கு என்ன?" என்று கேட்டார்.

"என்ர கால் இல்லை. இரவல் வாங்கினனான்."

பேசாலையில் பைபர் வள்ளத்தில் வெடிப்பு விழுந்தால் பழுதுபார்க்க அவரிடம்தான் வரும். இப்போது கார்களும் வருகின்றன; கதவின் உட்பலகை, ஸ்பீக்கர் பெட்டி என்று ஆளுக்கொரு ஆசை. ஆனால், கவிழ்த்துப்போட்ட வள்ளத்துக்குப் பக்கத்தில் இன்று நிற்கும் சின்னக் கார் ஆசைக்கு வந்ததல்ல. அது கட்டுக்கரைப் பக்கத்து இந்திராதேவி ரீச்சருடையது. விபத்துக்குப் பிறகு அவருடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. மெக்கானிக் ஒருவர் அக்சிலேற்றரை இடது காலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் கதவைச் சாத்தினால் உட்பலகை முழங்காலில் இடிக்கிறது.

"இதுவும் சரிவராட்டி வித்துப்போடுவன் அண்ணை," என்றிருந்தார் ரீச்சர். "பிறகு பள்ளிக்கூடம் போறதுக்கு ஆரின்ரயோ முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும்."

சிங்கராசா அளவுநாடாவை நம்புகிறவர் அல்ல. கார் வீதியில் கிடங்கு குழியில் விழும்போது கால் எங்கே போய் இடிக்கும் என்று நாடாவுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. அதனால்தான் அந்தப் பலகைத் துண்டு. கட்டிய காலோடு சாரதி ஆசனத்தில் ஏறி இருந்து, முழங்காலில் வெண்கட்டித் தூளைப் பூசிக்கொண்டு, வெளியே நின்ற மனைவி செலீனாவைக் காரைக் குலுக்கச் சொன்னார். கதவில் வெள்ளை பட்ட இடமெல்லாம் குடையவேண்டிய இடம்.

சோளகக் காற்று மணலை அள்ளிவந்து ஈர ரெசின் பசையில் ஒட்டாதபடி படங்கு கட்டி மறைத்தார். புதிய உட்பலகைக்காக மரச் சட்டத்தில் பழைய பனியன் துணியைக் குழிவாக இழுத்து அறைந்து, ரெசின் பூசிக் காயவிட்டு, பின்பக்கம் பைபர் நார்ப் பாயை ஒட்டினார். பூட்டிப் பார்த்தால் கதவு அழகாகச் சாத்துப்பட்டது. கதவுக் கண்ணாடி மட்டும் இறங்காமல் பாதியில் சிக்கி நின்றது. வள்ளத்துக்கு ஒட்டுவதுபோலப் பாய்க்கு மேல் பாய் ஒட்டியிருந்தார். பின்பக்கம் தடித்துக் கண்ணாடியை மறித்துவிட்டது.

"ஏன், இந்தக் கார் தலைமன்னாருக்குக் கடலாலயோ போகப்போகுது?" என்றார் செலீனா.

"கை இன்னும் வள்ளத்திலயே நிக்குது," என்றார் சிங்கராசா. கோபமில்லை. தடித்துப்போன உட்பலகையைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, புதிய சட்டம் அறுக்கத் தொடங்கினார். இந்த முறை ஒற்றைப் பாய்தான். காய்ந்ததும் மடக்கிய விரலால் தட்டி, எங்கேயாவது காற்றுக் குமிழி இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டார். நன்றாகத் தேய்த்துச் சாம்பல்நிற ரெக்சின் போர்த்தினார். ரெசின் மணம் போகும்வரை வெயிலில் கிடத்தினார். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் காலைக் கட்டிக்கொண்டே இறங்கினார். "ரீச்சர் காரை ஓடிக் காட்டட்டும், பிறகு அவிழ்க்கிறன்" என்று செலீனாவின் வாயை அடைத்தார்.

ரீச்சர் வந்தார். ஊன்றுகோலைப் பின்னால் போட்டுவிட்டு ஏறி, காலை நீட்டி, கதவை மெல்லச் சாத்தினார். கார் கடற்கரை வீதியில் கிடங்குகளுக்குள் குலுங்கிக் குலுங்கிப் போய் மறைந்தது. திரும்பி வந்து நின்றபோது அவர் இறங்கவில்லை. கதவைத் திறந்து, இந்த முறை பலமாக அடித்துச் சாத்தினார்.

"முட்டேல்லை அண்ணை."

சிங்கராசா கவிழ்த்த வள்ளத்தில் போய் இருந்து, குனிந்து காலில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு தன் முழங்காலை மெதுவாக மடக்கினார்.